கார்டுக்குக் காற்று

மனிதகுலம் வெப்பத்தை வென்ற வரலாற்றில் கேரள எல்லையிலுள்ள பாறசாலைக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. 1999-ல், மீன மாத வெயிலில், சோமனின் கல்யாண வீடியோ ஸ்டூடியோவில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அது எழுதப்பட்டது. அதன் மகிமை பிந்துவுக்குத்தான் அப்போது புரியவில்லை. அவளுக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

அங்கே கம்ப்யூட்டர் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மணமக்கள் தலையில் ரோஜாப்பூ பொழியவைப்பது அவள் வேலை. ஆனால் பூ விழத் தொடங்கியதும் கிராபிக்ஸ் கார்டு சூடேறி, மணப்பெண்ணின் முகம் பச்சையாகிவிடும். மாப்பிள்ளை நாளைக்கு துபாய்க்குப் பறக்கிறான். இன்று சாயங்காலம் கேசட் கொடுத்தாக வேண்டும்.

சோமன் பதறவில்லை, 'தொழில்நுட்பக் கமிட்டி'யைக் கூட்டினார். வெப்பத்துக்கு நிபுணர் சாயாக்கடை கிருஷ்ணன்குட்டி. சத்தத்துக்கு மைக்செட் பொன்னுதாஸ். கோயில் கொடை, சர்ச் பெருநாள் என்று இருபது வருஷம் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதைப் பக்குவப்படுத்தியவர்.

"கார்டுக்கு என்னத்துக்கு மக்கா காத்து? எங்க வீட்டு ரேஷன் கார்டு பெட்டிக்குள்ளயாக்கும் கெடக்குது" என்று கிருஷ்ணன்குட்டி முதல் கருத்தைப் பதிவு செய்தார். அவருக்கு உரிய விளக்கம் அளிக்கப்பட்டது.

முதல் சோதனை, அலுமினியத் தகடு மட்டும் ஒட்டிய பழைய கார்டு. சத்தமே கிடையாது. நாலு பூ விழுவதற்குள் மணப்பெண் பச்சை. கிருஷ்ணன்குட்டி தகட்டில் விரலை வைத்தார்; வைத்த வேகத்தில் எடுத்தார். "இதில சாயா போடலாம்" என்று சான்றளித்தார்.

அடுத்து, திருவனந்தபுரத்திலிருந்து வரவழைத்த புதுக் கார்டு. தகட்டின் மேல் தீப்பெட்டி அளவில் ஒரு குட்டி ஃபேன். பாதிப் பூ பொழிந்தது. மணப்பெண்ணும் பாதிதான் பச்சை. ஃபேனோ தகர டப்பாவில் மாட்டிய வண்டாக அலறியது. பொன்னுதாஸ் காதை ஒட்டிவைத்துக் கேட்டார். "எலே சோமா, இது ஓடல்லியே?"

'சத்தம்: இல்லை' என்று கமிட்டி நோட்டில் எழுதப்பட்டது.

கடைசியாக சோமன் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினார். பிந்துவின் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிக் கார்டுக்கு நேரே வைத்தார். பூமாரி! மணப்பெண் மணப்பெண்ணாகவே இருந்தாள்.

"அண்ணா, அது எனக்க ஃபேனாக்கும்! இந்தச் சூட்டில நான் எப்பிடி இருக்கது?" என்று கத்தினாள் பிந்து.

பொன்னுதாஸ் நிமிர்ந்தார். "இப்ப சத்தம் உண்டு."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: 'மூன்றாம் முறையே சிறந்தது. குளிர்ச்சி பிரமாதம். சத்தம் சற்றுக் கூடுதல். ஆனால் அது ஃபேனிலிருந்து வரவில்லை, பிந்துவிடமிருந்து வருகிறது.'

பிந்துவுக்கு ஆத்திரம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"பிள்ளே, எங்க போற? அப்ப கேசட்டு?" என்றார் சோமன்.

"கார்டு நல்லா குளுந்து இருக்குல்லா அண்ணா? அதே செய்யட்டு. எனக்கும் ஒரு ஃபேன் வந்த பெறவு ஆள் விடுங்க, வாறேன்."

கமிட்டி மனம் தளரவில்லை. மூவரும் அந்த ஃபேன் காற்றிலேயே அமர்ந்து சாயங்காலம்வரை கண்காணித்தார்கள். கார்டு இம்மியும் சூடாகவில்லை. வேலை செய்யாத எதுவும் சூடாவதில்லை என்ற மாபெரும் உண்மை அங்கே நிரூபணமானது.

பிறகு மாப்பிள்ளையின் அப்பா வாசலில் வந்து நின்றார். சோமன் பின்வாசல் வழியாக இறங்கி, ஃபேன் வாங்க நெய்யாற்றின்கரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். கமிட்டியில் ஒருவருக்கு அப்போதுதான் முதல்முறையாக வேர்த்தது.