ஞாயிற்றுக்கிழமைத் தீ

காட்டில் தீப் பிடிக்காமல் தடுப்பதற்காக ஆரணியிலிருந்து பஸ் ஏறி வந்த மாணிக்கவேல், சந்தவாசல் மலையடிவாரத்தில் காய்ந்த புல்லுக்குத் தீ வைத்துவிட்டு நின்றார்.

வேண்டுமென்று வைக்கவில்லை. அவர் பட்டு நெசவுக்காரர். தறியில் புதுப் பாவு ஏற்றினால் கற்பூரம் காட்டாமல் வேலையைத் தொடமாட்டார். அன்று அவர் கையில் புது அரிவாள் கொடுத்திருந்தார்கள். பழக்கதோஷம். பாறைமேல் அரிவாளை வைத்துக் கற்பூரம் ஏற்றினார். வீட்டில் என்றால் மனைவி விருத்தாம்பாள் பக்கத்தில் உட்கார்ந்து, காற்றுப் படாமல் கையால் மறைத்துப் பிடிப்பாள். அவள் போய்ச் சேர்ந்து ஆறு மாதமாகிறது என்பது காற்றுக்குத் தெரிந்திருந்தது. கற்பூரம் உருண்டு புல்லில் விழுந்தது.

கத்தினால் ஆட்கள் ஓடி வருவார்கள். ஆனால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள். அதுதான் பயம்.

அது எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கோடை. வனக்காவலர் கேட்டுக்கொண்டதால் ஏழெட்டுப் பேர் ஞாயிறுதோறும் வந்து, தீ மலைமேல் ஏறாதபடி அடிவாரம் நெடுக அகலமான ஒரு பட்டை அளவுக்குப் புல்லை அறுத்து வெறும் மண்ணாக்கிக்கொண்டிருந்தார்கள். கூலி கிடையாது. மாணிக்கவேலுக்கு அது பொருட்டில்லை. வாரத்தில் அந்த ஒருநாள்தான் அவரோடு மனிதர்கள் பேசினார்கள். மற்ற நாட்களில், தன் கையில் கடிகாரம் இருந்தும், தெருவில் போகிறவர்களிடம் மணி கேட்பார்.

செருப்புக்காலால் மிதித்தார். ரப்பர் செருப்பு இளகி ஒட்டிக்கொண்டது. துண்டால் அடித்தார். பொறி பறந்து இன்னும் இரண்டு இடத்தில் பிடித்தது. துண்டும் பிடித்தது. உதறி எறிந்தார். அது சருகுக் குவியலில் போய் விழுந்தது.

நிழலில் எல்லோருக்குமான மோர்ப்பானை இருந்தது. யோசிக்காமல் கவிழ்த்தார். தீ அணையவில்லை. புகைதான் கொழுத்தது.

"இன்னா மாணிக்கம், புகை வருது?"

புதருக்கு அந்தப் பக்கமிருந்து சவரிராஜ் வாத்தியாரின் குரல். ஆட்களைச் சேர்த்து அழைத்து வருகிறவர் அவர்தான்.

"ஒண்ணுமில்ல சார். பீடி."

"நீ எப்பத்திலேந்து பீடி?"

"இப்பத்தான் சார்."

"நல்லதாப் போச்சு. எனக்கும் ஒண்ணு குடு. எங்க வூட்டுக்காரி ரோஸி பாக்கெட்டத் தடவிப் பாத்துட்டுத்தான் வெளிய உடறா."

"தீந்துடுச்சு சார்."

"நீ இழுத்துகினு இருக்கறதையே குடுய்யா. ரெண்டு இழுப்பு..."

புதரை விலக்கி வந்தார். மாணிக்கவேலின் பீடி ஆள் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அடப்பாவி! ஜல்தி வாங்கப்பா எல்லாரும்!"

பச்சைக் கிளைகளை ஒடித்து அடித்தார்கள். பட்டையின் இரண்டு ஓரங்களையும் முந்தைய வாரங்களில் வெட்டி முடித்திருந்ததால் தீ வெளியே தாண்டவில்லை. நடுவில் மிச்சமிருந்த புல்லையெல்லாம் தின்றுகொண்டே ஓடி, ஓடைக்கரையில் அடங்கியது.

கூடப் புல் அறுக்க வந்த தருமன் மோர்ப்பானையைத் தலைகீழாக்கிப் பார்த்தார்.

"மோரையும் ஊத்திட்டியா? நல்ல பேஜாருப்பா உன்னோட."

மாணிக்கவேல் கருகிய துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"சார், என்னை வெரட்டிடாதீங்க சார். இனிமே கற்பூரத்தத் தொட மாட்டேன். அரிவாள்கூட வேணாம். ஓரமா நின்னு தண்ணி மொண்டு குடுத்துகினு இருக்கேன்."

வாத்தியார் பதில் சொல்வதற்குள், புகையைப் பார்த்துவிட்டு வனக்காவலர் வீரபாகு மூச்சிரைக்க ஓடி வந்தார். கரிந்த பட்டையை அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார். திரும்பி வந்து, யார் வைத்த தீ என்று கேட்டார். எல்லோரும் மாணிக்கவேலைப் பார்த்தார்கள்.

வீரபாகு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"கொளுத்தறதுக்கு நாங்களே பயந்துகினு அறுக்கச் சொன்ன புல்லுங்க இது, கோடை பூரா இழுக்கும்னு நெனச்ச வேலய ஒரே காலைல முடிச்சிட்டீங்க, இனிமே நீங்க யாரும் வரவே வேணாங்க!"