கேட் அங்கிள் கும்பிட்ட கல்

கொழும்பு முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும், இல்லாத வாசலுக்குக் காவல் இருக்கும் மனிதர் எங்கள் கொட்டாஞ்சேனைக் கேட் அங்கிள் ஒருவர்தான். அவருடைய உண்மைப் பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும்.

எங்கள் ஒழுங்கை முனையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. பழைய நகரத்துக்கு மதில் இருந்த காலத்தில் வாசல் இருந்த இடத்துக்கு அது அடையாளம். எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. கல்லுக்கு அந்தப் பக்கம் பாண் வாங்கப் போவதென்றாலும் அங்கிள் மனைவியிடம், "டவுனுக்கு வெளியில போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். பேக்கரி இருபது அடி தூரம். மீன்காரரையும் கல்லடியில் மறித்து, "எங்கயிருந்து வாறீர், என்ன சரக்கு?" என்று விசாரித்த பிறகே உள்ளே விடுவார்.

அவருடைய ஜென்ம விரோதி மஞ்சள். ஒரு கல் தனியாக நின்றால் நம் சனம் சும்மா விடுமா? ஒருவர் மஞ்சள் பூசினார், இன்னொருவர் குங்குமம் வைத்தார், பரீட்சைக் காலத்தில் மாலையும் விழுந்தது. எதிர்வீட்டுக் கத்தோலிக்க அன்ரி மெழுகுதிரியே கொளுத்திவிட்டார். அங்கிள் தினமும் விடிய வாளியோடு வந்து தேய்ப்பார்.

"இது சாமியில்லை, வாசல்! வாசலை ஆரும் கும்பிடுவினமோ?"

"நாங்கள் வீட்டு வாசற்படியையே கும்பிடுறனாங்கள் அங்கிள்" என்பேன். இன்னும் பலமாகத் தேய்ப்பார்.

போன மாதம் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்ட மெஷின் வந்தது. கீறியிருந்த கோடு நேராகக் கல்லின் மேலே போனது. அங்கிள் மூன்று மொழியிலும் சரித்திரம் சொன்னார். மெஷினோடு வந்த ஓவர்சியர் கொட்டாவி விட்டார். வெறும் கல்தானே என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, மெஷினுக்குக் கை காட்டினார். அன்று காலையும் அங்கிள் அதைப் பளபளவென்று கழுவி வைத்திருந்தார். அங்கிள் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்கட வீட்டில மஞ்சள் இருக்கோ?"

கறிக்கு வைத்திருந்த மஞ்சள்தூள் பக்கற்றோடு ஓடி வந்தேன். முழுவதையும் கொட்டிப் பூசினார். மடித்துக் கட்டியிருந்த சறத்தை இறக்கிவிட்டு, நடுத்தெருவில் விழுந்து கும்பிட்டார். ஓவர்சியர் அவசரமாகத் தொப்பியைக் கழற்றினார்.

"மே தெய்யோத, அங்கிள்?" இது சாமியா என்று கேட்கிறார்.

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஆமாம் தம்பி என்றார். "ஓவ், மல்லி."

கான் கல்லைச் சுற்றி வளைந்து போனது.

"இனிக் கழுவட்டோ அங்கிள்?"

"பொறும். அவையள் முழுசாப் போகட்டும்."

தெருவோரத்தில் குந்தியிருந்து மெஷின் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல் தப்பியது சந்தோஷம்தான். ஆனால், நாளை விடியவும் அவர் வாளியோடு அங்கே நின்று, "இது சாமியில்லை, வாசல்!" என்று கத்துவார் என்று நினைத்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.