வெள்ளிவிழாவும் அளவு ஜாக்கெட்டும்

முகப்பேர்,
8.5.92

அன்புள்ள சகாயமேரி அக்காவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே இவர் நலம், நான் நலமில்லை. உன் மூட்டுவலியை விசாரித்ததாக வைத்துக்கொண்டு மேலே படி. எங்கள் கல்யாண வெள்ளிவிழாப் பூசைக்கு நீங்கள் வர வேண்டாம். டிக்கெட்டை ரத்து செய்துவிடு.

எல்லாம் அளவு ஜாக்கெட்டால் வந்தது. தையல்காரர் சுலைமான் பாய்க்கு நான் எப்போதும் கல்யாண வருஷத்து ரவிக்கையைத்தான் அளவுக்குக் கொடுப்பேன். “டேப்புல எடுத்துக்கலாமாம்மா?” என்பார். “அதே அளவுதான் பாய்” என்பேன். தைத்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உள்தையலைப் பிரித்துவிட்டுக்கொள்வேன். விழாவுக்கு எடுத்த பட்டுப்புடவையோடு வந்த துணி கொஞ்சம், உள்ளே மடித்து விட ஒன்றுமில்லை. நேற்று போட்டுப் பார்த்தேனா, முழங்கைக்கு மேல் போய் நின்றுவிட்டது, முன்னாலும் போகவில்லை பின்னாலும் வரவில்லை, இவரைக் கூப்பிட்டால் தேங்காய் எண்ணெயோடு வந்து நிற்கிறார், பட்டில் எண்ணெய் அக்கா, நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுப் பொன்னியம்மா ஓடி வந்துவிட்டாள்.

“இன்னாக்கா, கட்டுப் போட்டுகினு கீறே? கை ஒடஞ்சிச்சா?”

“சதை, பொன்னியம்மா. சனியன் பிடிச்ச சதை.”

“ரெண்டு புள்ளயத் தூக்கி வளத்த கை அது. அத்தப் போயி திட்டினுகீறே. திட்டணும்னா ஜாக்கெட்டத் திட்டு.”

“என் மோதிரமுந்தான் கழல மாட்டேங்குது. நான் யாரையாவது திட்டுறேனா?” என்றார் இவர்.

கத்தரிக்கோலால்தான் கை வெளியே வந்தது. பொன்னியம்மா அப்படியே என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய், “பாய், டேப்ப எடு” என்றாள். அவர் அளவை வாய்விட்டுச் சொல்லச் சொல்ல நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துணியும் அவளே எடுத்தாள். கிளிப்பச்சை. இந்த வயதில்.

பீடத்துக்கு முன்னால் நின்றால் கோயிலே என் முதுகைப் பார்க்கும். அன்று அங்கே நின்றவள் எங்கே, இவள் எங்கே என்று ஒப்பிடுவார்கள். முதலில் ஒப்பிடப் போவது நான்தான். அதுதான் பயமாக இருக்கிறது. பூசையை நிறுத்தச் சொல்லிச் சாமியாரிடம் நாளைக்கே போகிறேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். மாதா உங்களையாவது காக்கட்டும்.

கவலையுடன்,
ஞானகுமாரி

பின்குறிப்பு: இன்லேண்டை ஒட்டப் போகும்போது பாய் புது ரவிக்கையைக் கொடுத்தனுப்பினார். போட்டேன். மூச்சு தாராளமாக வருகிறது. கையைத் தூக்கினேன், தலைக்கு மேல் போகிறது. கை எழும்பவில்லை, வயதாகிவிட்டது என்று இத்தனை வருடமாக இவரையே பரணில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வயதில்லை அக்கா, ஜாக்கெட். ஸ்டூல் போட்டுப் பெரிய அண்டாவை நானே இறக்கிவிட்டேன். இறக்கியதை மறுபடி ஏற்றுவதாக இல்லை. பூசைக்கு வருகிற எல்லோருக்கும் அதில்தான் பிரியாணி. டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே.