அருளம்பலம் என்றொரு வைரஸ்

"உது என்ரை பேரோ, பிள்ளை?"

அருளம்பலம் ஆய்வுகூட மேசையில் பேப்பரை விரித்து வைத்தார். 'வெங்காய அழுகலுக்கு எதிராக அருளம்பலம் வைரஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அந்த வைரஸைக் கண்டுபிடித்த ஆய்வு மாணவி நிரோஜா சட்டென்று எழுந்து நின்றாள். வைரஸைக் கண்டுபிடித்தவரே அதற்குப் பெயர் வைப்பது இந்தத் துறையின் வழக்கம். வளர்க்கிற நாயின் பெயரைக்கூட வைக்கிறார்கள். அவள் நன்றிக்கு வைத்தாள். ஒரு வருசமாகக் குளம் குட்டையெல்லாம் அள்ளியும் கிடைக்காதது, சுன்னாகத்தில் இவருடைய தோட்டத்து அழுகல் வெங்காயக் குவியலில்தான் கிடைத்தது. மற்றத் தோட்டக்காரர்கள் விரட்டியபோது, இவர் மட்டும்தான் வாளியும் தந்து, வயிறாரச் சோறும் போட்டு அனுப்பினார். அப்படிப்பட்ட மனிதரை நோகடித்துவிட்டோமே என்று பதறிப்போனாள்.

"ஐயா, இது மனுசருக்கு ஒண்டும் செய்யாது. வெங்காயத்தை அழுகப்பண்ணுற பக்டீரியாவை மட்டும்தான் கொல்லும். மரபணுவை முழுக்க வாசிச்சுப் பாத்திட்டன், ஒரு கெட்ட குணமும் இல்லை."

"பெருகுமோ?"

"ஓம் ஐயா. பக்டீரியாவுக்குள்ளை தன்ரை மரபணுவை விட்டிடும். பிறகு பக்டீரியா தன்ரை வேலையை விட்டிட்டு, இதுக்குக் குட்டி செய்துகொண்டிருக்கும். அரை மணித்தியாலத்திலை நூறு வரும்."

"நூறும் என்ரை பேரிலையோ?"

"ஓம்."

அருளம்பலம் கதிரையில் பொத்தென்று இருந்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"யோசிக்காதேங்கோ ஐயா. சுன்னாகத்திலை எத்தினை அருளம்பலம் இருக்கினம். நீங்களெண்டு ஆருக்குத் தெரியப்போகுது?"

அவருடைய முகம் தொங்கிப்போனது.

"அப்ப, பேரையே மாத்திவிடுறன்."

அவர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமலே போய்விட்டார்.

பேராசிரியரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பெயர் மாற்றத்துக்குச் சம்மதம் வாங்கிக்கொண்டு, பின்னேரமே மன்னிப்புக் கேட்க ஸ்கூட்டியில் பறந்தாள் நிரோஜா. அருளம்பலத்தின் மனைவி பத்மாவதிதான் படலையைத் திறந்தார்.

"ஐயா கோவமோ அம்மா? பேரை மாத்த ஒழுங்கு செய்திட்டன். இனி அந்த வைரசுக்கும் ஐயாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

பத்மாவதி அவளுடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"மாத்திப்போடாதை பிள்ளை. எங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லை. காலமை பேப்பரைப் பாத்த மனுசன், சந்தை முழுக்கக் கற்கண்டு குடுத்திட்டெல்லோ உங்கை வந்தவர்."