நீலப் போர்வையும் பேக்கரிப் பெஞ்சும்

சார்ஜ் ஏறாத பேட்டரிக்கு மந்திரம் ஓதுகிறவர் ஒருவர் வந்திருக்கிறார் என்று திங்கட்கிழமை காலையில் செய்தி பரவியது. மத்தியானத்துக்குள் தெரு அடைத்துவிட்டது. அந்த மாதம் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அந்த வெயிலிலும் மின்சார ஸ்கூட்டர்காரர்கள் தங்கள் பேட்டரியைக் கழற்றி, கைக்குழந்தைபோல் இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொன்றும் பத்துக் கிலோ. குழந்தையாக இருந்தாலாவது கொஞ்ச நேரம் இறக்கி நடக்கவிடலாம்.

வந்தவர் பெயர் மின்னருளார். அவரே வைத்துக்கொண்ட பெயர். இதற்கு முன்னால் என்ன தொழில் பார்த்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அருள் கோபித்துக்கொள்ளும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ரொம்ப வசதியான அருள்.

தெருவில் வாடகைக்குப் பிடித்த குளிரூட்டிய அறையில், கல் தரையில், பேட்டரியைப் படுக்கவைப்பார். நீலப் போர்வை போர்த்துவார். பட்டு உறை போட்ட புத்தகத்தைப் பிரித்து, யாருக்கும் புரியாத மொழியில் ஓதுவார். இப்படி ஒரு மணி நேரம். அதற்குப் பெயர் துயில். எழுப்பும்போது சார்ஜர் செருகும் துளையில் மூன்று முறை ஊதுவார். பிறகு சார்ஜரைச் செருகுவார். சார்ஜரில் பச்சை விளக்கு நின்றால் மின்சாரம் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். சிவப்பாக மாறினால் போகிறது. அவர் கை பட்டதும் சிவப்பாக மாறும். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்.

டோக்கன் கொடுப்பவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். முப்பது வருஷம் பிள்ளைகளிடம் “எப்படி வந்தது, வழி காட்டு” என்று கேட்டுக் காதைத் திருகியவர். இங்கே யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

எதிர்ச்சாரியில் மூலைக்கடை பேக்கரி. அதை நடத்துகிறவளைத் தெருவே ரொட்டிக்காரக்கா என்றுதான் கூப்பிடும். தினமும் காலையில் ஆஸ்பத்திரி வார்டுகளுக்கு அவள் ஸ்கூட்டரில்தான் ரொட்டி போகும். இரண்டு நாளாக அந்த ஸ்கூட்டர் சண்டித்தனம் செய்தது. ஓட்டிவிட்டு வந்ததும் கடைக்குப் பின்னால், அடுப்புச் சுவரை ஒட்டி நிறுத்தி, சார்ஜரைச் செருகுவாள். பச்சை. விளக்கு அசையவே அசையாது.

செவ்வாய்க்கிழமை அவள் கணவர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு மின்னருளாரிடம் போனார். முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார்.

“ஏறிடுச்சும்மா. ஆனா ஒண்ணு சொல்லிட்டார். நம்ம அடுப்புல இருக்கற தீயாவிதான் பேட்டரிக்குள்ள பூந்துடுச்சாம். வெள்ளிக்கிழமை அடுப்பை இடிச்சுடணுமாம். அந்த இடத்துல அவருக்குத் துயில்கூடம் கட்டிக் குடுக்கணுமாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சரின்னுட்டேன்.”

“அப்புறம் ரொட்டியை எங்கங்க சுடறது?”

கணவர் கொஞ்சம் யோசித்தார். “அதை நான் கேக்கலையே.”

இருபது வருஷத்து அடுப்பு. அவளே செங்கல் சுமந்து கட்டியது. அதை இடித்துவிட்டு, சார்ஜ் ஏறிய ஸ்கூட்டரில் எதை ஏற்றிக்கொண்டு போவது?

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் பேட்டரியைக் கழற்றினாள். கணவரிடம் கொடுத்தனுப்பலாம் என்று கடைக்கு முன்பக்க நிழலில், வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சுக்கு அடியில் வைத்தாள். அதற்குள் மாவு கூப்பிட்டது. பிசைந்து, உருட்டி, துணி மூடி நிமிர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் ஓடியிருந்தது. அட, மறந்தே போச்சே என்று குனிந்து எடுத்தாள். கழற்றும்போது சுட்ட பேட்டரி இப்போது சில்லென்று இருந்தது. சும்மா பார்ப்போமே என்று ரொட்டி வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் சார்ஜரைச் செருகினாள்.

சிவப்பு.

யாரும் ஓதவில்லை. யாரும் ஊதவில்லை. அவள் பின்பக்கம் போய் அடுப்புச் சுவரைத் தொட்டாள். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

மாவு பிசைகிறவளுக்கு இது புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. மூடிவைத்த மாவு தானாகப் பொங்கும். பக்கத்தில் நின்று ஒருவன் பாட்டுப் பாடினாலும் பொங்கும், பாடாவிட்டாலும் பொங்கும். பாடியவன் வந்து “நான்தான் பொங்க வைத்தேன், உன் கடையைக் கொடு” என்று கேட்டால் என்ன செய்வோம்? கரண்டியை எடுப்போம். அவள் கரண்டியை எடுக்கவில்லை. வியாழக்கிழமைவரை பொறுத்தாள்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய கையோடு கூட்டத்தின் நடுவில் போய் நின்றாள். அவள் பேட்டரி ஒரு கையில். அப்போதுதான் வந்து இறங்கிய தபால்காரரின் பேட்டரி இன்னொரு கையில். கணவர் பின்னால் நின்று புடவைத் தலைப்பை இழுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை. அவள் இரண்டையும் மின்னருளாரின் சார்ஜரில் செருகிக் காட்டினாள்.

“ரெண்டும் இப்பத்தான் வெயில்ல ஓடி வந்தது. ரெண்டும் பச்சை, எல்லாரும் பாத்துக்கங்க. இதுல ஒண்ணை நீங்க எடுத்துக்கங்க. இன்னொண்ணு எங்க கடை பெஞ்சுக்கு அடியில சும்மா கிடக்கட்டும்.”

“பெஞ்சுக்கு அருள் ஏது மகளே?” என்று சிரித்தார் மின்னருளார்.

“அதைத்தான் பாக்கப் போறோம்.”

வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். ஒரு மணி நேரம் கழித்து இந்தப் பக்கம் சிவப்பு. அந்தப் பக்கமும் சிவப்பு. கூட்டம் பெஞ்சையும் மின்னருளாரையும் மாறி மாறிப் பார்த்தது.

மின்னருளார் கண்ணை மூடித் திறந்தார். “என் அருள் தெருவைத் தாண்டிப் பாய்ந்துவிட்டது.”

கூட்டத்துக்கு உயிர் வந்தது. வாத்தியார் ஓடிப்போய்த் தெருவை அடி அடியாக அளந்தார். “முப்பதடி பாயுது,” என்று அறிவித்தார். முப்பது வருஷத்தில் அவர் வழியே காட்டாமல் போட்ட முதல் கணக்கு அது.

ரொட்டிக்காரி அசரவில்லை. வரிசைக் கடைசியில் அப்போதுதான் வந்து நின்ற பால்காரரின் பேட்டரியை வாங்கினாள். தொட்டால் சுட்டது.

“முப்பதடி பாயற அருள் கைக்கெட்டற தூரத்துல பாயாதா? இதுக்கு இப்பவே ஓதுங்க. போர்வை வேண்டாம், துயில் வேண்டாம். மந்திரம் மட்டும் போதும்.”

“துயில் இல்லாமல் எப்படி மகளே...”

“அருள் உங்க ஓதல்ல இருக்கா, அந்த ஒரு மணி நேரத்துல இருக்கா?”

கூட்டம் அவள் பக்கம் சாய்ந்தது. புத்தி வந்து அல்ல. வரிசையில் ஒரு மணி நேரம் மிச்சமாகுமே என்ற ஆசைதான். “ஓதுங்க சாமி, சட்டுனு முடிஞ்சா எங்களுக்கும் நல்லதுதானே,” என்றார் பால்காரர்.

வேறு வழியில்லை. ஓதினார். ஊதினார். பச்சை. இன்னும் சத்தமாக ஓதினார், கன்னம் உப்ப ஊதினார். எச்சில்தான் தெறித்தது. பச்சை. கோபத்தில் புத்தகத்தை ஓங்கி, “நம்பிக்கை இல்லாத இடத்தில்...” என்று ஆரம்பித்தார். பட்டு உறை நழுவியது. புத்தகம் வாத்தியார் காலடியில் விழுந்தது.

அட்டையில் ஒரு ஸ்கூட்டர் படம். கீழே கொட்டை எழுத்தில்: உரிமையாளர் கையேடு.

எட்டு மொழியில் அச்சடித்த கையேடு. இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாத மொழியின் பக்கத்தைத்தான் இத்தனை நாளும் அவர் ராகம் போட்டு ஓதியிருக்கிறார். வாத்தியார் தமக்குத் தெரிந்த மொழிக்குப் புரட்டினார். ஓர் இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உரக்கப் படித்தார்.

“ஓட்டி முடித்தவுடன் பேட்டரி சூடாக இருக்கும். அப்போது சார்ஜ் ஏறாது. குளிர்ந்த இடத்தில் ஒரு மணி நேரம் ஆறவிடவும். அடுப்பு, வெயில் ஆகியவற்றின் அருகே வைக்க வேண்டாம்.”

“இந்தப் புத்தகம் எங்கிட்டயும் இருக்கே,” என்றார் தபால்காரர் மெதுவாக. எல்லாரிடமும் இருந்தது. வண்டியோடு இலவசமாகக் கொடுத்தது.

“நம்மளது எங்கங்க?” என்று ரொட்டிக்காரி கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“மேஜை ஆடுதுன்னு சொன்னியேம்மா. காலுக்கு அடியில வச்சிருக்கேன்.”

இந்தக் களேபரத்தில் மின்னருளார் சந்தடியில்லாமல் தன் ஸ்கூட்டரில் ஏறினார். அது நகரவில்லை. வந்த நாளிலிருந்து அற்புதம் செய்யவே நேரம் சரியாக இருந்தது. சொந்த வண்டிக்குச் சார்ஜ் போட மறந்துவிட்டார். தெருக்கோடிவரை தள்ளிக்கொண்டு போனார். பால்காரர் பின்னாலேயே போய், “வேணும்னா ஊதிப் பாருங்க சாமி,” என்று சொல்லிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை அடுப்பு இடியவில்லை. எரிந்தது. ரொட்டி நேரத்தோடு வார்டுகளுக்குப் போனது. திரும்பி வந்தவள் கடை வாசலில் கூட்டத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தினாள். இடுப்பில் பேட்டரியோடு இருபது பேர். முன்னால் வாத்தியார், கையில் புதிதாக வெட்டிய டோக்கன்கள். பெஞ்சுக்கு ஒரு நீலப் போர்வை போர்த்தியிருந்தார்கள்.

வாத்தியார் பெஞ்சைப் பார்த்துக் கும்பிட்டார். “அக்கா, பேட்டரியைக் கிழக்கு பாத்து வைக்கணுமா, மேற்கு பாத்தா?”

“மூளை இருக்கற பக்கம் பாத்து வைங்க வாத்தியாரே.”

அவர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் எது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

அவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குனிந்து பாருங்கள். உங்கள் மேஜைக் காலுக்கு அடியிலும் ஒரு புத்தகம் இருக்கும். அதை உருவிப் படியுங்கள். மேஜை கொஞ்சம் ஆடினால் ஆடட்டும்.