இரண்டாவது கண்ணைத் திறக்க மறுத்த ஜோடி சார்

இந்தப் பூமியில் சூரியனுக்கு வக்காலத்து வாங்கிய ஒரே ஆள் எங்கள் ஜோடி சார்தான். அதுவும் சூரியன் கேட்டுக்கொள்ளாமலே. அதற்காக ஆபீசில் இருந்த நல்ல நாற்காலியையும் இழந்தார். நாற்காலி போனதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தமெல்லாம் எங்களுக்குத்தான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை நாங்கள் யாரும் உபயோகித்ததில்லை. எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குவார் என்பதால் ஜோடி சார். நீலச் சட்டை இரண்டு, குடை இரண்டு, காபி டம்ளர் இரண்டு. ஒன்று தினசரி உபயோகத்துக்கு, மற்றது பீரோவுக்குள். பெங்களூர் காக்ஸ் டவுனில் அவர் வீட்டு வாசலில் ஒரே நிறத்தில் இரண்டு ஸ்கூட்டர் நிற்கும். ஒன்றில் ஆபீஸ் வருவார். இன்னொன்று தார்ப்பாய்க்குள் தவமிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூட்டி வைத்ததையெல்லாம் வெளியே எடுத்து, உபயோகித்ததன் பக்கத்தில் வைத்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி பூட்டிவிடுவார்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களை நமக்குத் தெரியும். ஜோடி சார் இரண்டு முயல் பிடித்து, ஒன்றைக் கூண்டில் பத்திரமாக அடைத்துவிட்டு, மற்றதன் காலை எண்ணுகிற ரகம்.

அவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர். முதல்முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது பீரோவைத் திறந்து காட்டி, "நல்ல வேளைம்மா, கல்யாணத்தை மட்டும் ஒண்ணோட நிறுத்திக்கிட்டாரு" என்றார். ஜோடி சார் அதைக் காதில் வாங்காமல் டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இது வெறும் கிறுக்கு என்றுதான் நானும் நினைத்தேன். அப்புறம் தெரிந்தது, கிறுக்கு ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போயிருக்கிறது. எங்கள் வேலை, சூரியன் பூமிக்கு அனுப்பும் சக்தி கூடுகிறதா குறைகிறதா என்று அளப்பது. தரையிலிருந்து அளக்கலாமே என்பீர்கள். பெங்களூர் மேகத்தை நம்பித் துணியே காயப்போட முடியாது, சூரியனை எங்கே அளப்பது? அதனால் கருவியைச் செயற்கைக்கோளில் ஏற்றி மேலே அனுப்பியிருந்தோம். அதில் உள்ளே கறுப்புப் பூசிய இரண்டு குழிகள். வெயில் விழுந்தால் குழி சூடாகும். எவ்வளவு சூடு என்பதை வைத்து எவ்வளவு வெயில் என்று சொல்லிவிடலாம். அந்தக் குழிகளைக் கண் என்போம். முதல் கண் தினமும் திறந்திருக்கும். இரண்டாவதை மூடி போட்டு வைத்திருப்போம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சற்று நேரம் திறந்து, இரண்டையும் ஒப்பிட்டுவிட்டு மூடிவிடுவோம். ஏனென்றால் வருஷக்கணக்கில் வெயிலையே பார்க்கும் கண் வெந்துபோகும். எவ்வளவு வெந்தது என்பதை வேகாத கண்தான் சொல்ல முடியும்.

அந்த இரண்டாவது கண்ணுக்கு ஜோடி சார்தான் காவல்.

எங்களுக்குப் புது ஹெட் ஒருவர் வந்தார். டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. முதல் கண் அனுப்பும் அளவுகளின் கோடோ திரையில் மெல்ல மெல்லச் சரிந்துகொண்டிருந்தது. சரியும் கோட்டை விருந்தாளிக்குக் காட்டுவது ஹெட்டுக்குப் பிடிக்கவில்லை. மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் ஜோடி சாரைக் கேட்டார்.

"சும்மா மூடி வைக்கவா அதை மேல அனுப்பினோம்? மொதல் கண்ணு பழசாயிடுச்சு. நாளையிலேர்ந்து ரெண்டாவதையே தினமும் தெறங்க."

"ஆகல்ல சார்" என்றார் ஜோடி சார்.

அவர் மறுப்பதென்றால் கன்னடத்தில்தான் மறுப்பார். தமிழில் முடியாது என்றால் தமிழர்கள் ஏன் என்று கேட்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். ஹெட் ஏன் என்று கேட்டேவிட்டார்.

"மொதல் கண்ணு வெந்துபோச்சு, ஒத்துக்கறேன் சார். எவ்ளோ வெந்துச்சுன்னு சொல்றதுக்குத்தான் இது இருக்கு. இதையும் வேக வெச்சிட்டா, நாளைக்குக் கோடு எறங்கினா சூரியனைக் குத்தம் சொல்வீங்களா, நம்ம கண்ணைக் குத்தம் சொல்வீங்களா? யாரைப் போய்க் கேப்பீங்க?"

கண்ணைத் திறக்கும் கட்டளையில் கையெழுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் இந்தத் திட்டத்திலிருந்து விலகிக்கொள்ளுங்கள் என்றார் ஹெட். ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்பார்கள். ஜோடி சார் எழுந்து, தன் டம்ளரை எடுத்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் நடந்தார்.

மறுநாள் அவரைக் கேன்டீன் கமிட்டியில் போட்டார்கள். சூரியனை அளந்த மனுஷன் சாம்பாரை அளக்க உட்கார்ந்தார். அங்கேயும் எல்லாவற்றிலும் இரண்டு கேட்டார். ஒரு வடையைத் தின்றுவிட்டு மற்றதை மாலை வரை மூடி வைத்து எவ்வளவு நமத்திருக்கிறது என்று பரிசோதித்தார். சமையல்காரர் அவரைப் பார்த்தாலே கும்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஹெட் அடுத்து என்னிடம் வந்தார். செயற்கைக்கோளுக்குக் கட்டளை அனுப்பும் மேஜை என்னுடையது. எனக்குப் பயம்தான், சொல்வதற்கென்ன. வாயைத் திறந்தேன், "ஆகல்ல சார்" என்று வந்துவிட்டது. வந்ததும் குளிர்விட்டுப் போயிற்று. எனக்கு அடுத்த மேஜையும் அதையே சொன்னது. அதற்கடுத்த மேஜைக்காரர் நீலசந்திரா பேட்டைக்காரர், அவர் எழுந்து நின்றே சொன்னார். எத்தனை பேரைத்தான் கேன்டீனுக்கு அனுப்புவது? அங்கே அவ்வளவு வடை கிடையாது.

டெல்லி அதிகாரி வந்தார். திரையில் கோடு சரிந்தபடியே இருந்தது. சூரியன் அணைந்துகொண்டிருக்கிறதா என்று கேட்டார். ஹெட் கைக்குட்டையைத் தேடினார். அந்த நேரம் பார்த்துக் காபி வந்தது. கூடவே கேன்டீன் கமிட்டியும் வந்தது, அக்குளில் ஒரு துணிப்பையோடு. பையிலிருந்து இரண்டு நீலச் சட்டைகளை எடுத்து மேஜைமேல் விரித்தார் ஜோடி சார். ஒன்று பளிச்சென்று இருந்தது. மற்றது நீலம் என்று சொன்னால்தான் நீலம்.

"ரெண்டும் ஒரே துணியில தெச்சது சார். இது நான் தினம் போட்டது, இது பீரோல இருந்தது. இந்தப் பழசு மட்டும் கையில இருந்தா, கடைக்காரன் ஆதியிலேயே வெளுத்த துணியைத்தான் குடுத்தான்னு நெனைப்பீங்க. பாவம், அவன் மேல என்ன தப்பு? அந்த ரெண்டாவது சட்டையைத்தான் தினமும் போடுன்னு சொல்றாங்க. நான் போட மாட்டேன்."

அதிகாரி சட்டைகளைத் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் சிரித்தார். மூடி மூடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டார். ஹெட் சட்டையையும் பார்க்கவில்லை, காபியையும் தொடவில்லை.

முறைப்படி இரண்டாவது கண்ணைத் திறக்கும் நாள் வந்தது. ஜோடி சாரைக் கேன்டீனிலிருந்து நான் கையோடு இழுத்து வந்தேன். கோடு சரிந்ததில் பெரும்பகுதி கண் வெந்த கதைதான். ஆனால் ஒரு துளி, துளியிலும் துளி, சூரியனே குறைந்திருந்தது. கரும்புள்ளிகள் குறைந்து சூரியன் சற்று அடங்கும் காலம் அது. வக்காலத்து வாங்கியவரைக் கட்சிக்காரரே கைவிட்டுவிட்டாரே என்று நான் சங்கடப்பட்டேன். ஜோடி சார் மேஜையைத் தட்டிக் குதித்தார். இந்தத் துளியைப் பிடிக்கத்தானே மேடம் அவ்வளவு தூரம் அனுப்பினோம், இரண்டாவதும் வெந்திருந்தால் இது சூரியனுடையது என்று எவன் சொல்லியிருப்பான் என்று கேட்டுக் கேட்டுக் குதித்தார். பிறகு மணியைப் பார்த்துவிட்டு இட்லி வேகிறது என்று ஓடினார்.

நாற்காலி திரும்பி வரவில்லை. கேன்டீன் கமிட்டியிலிருந்தே ஓய்வு பெற்றார். கடைசி நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடிக்கடி வராதீங்க மேடம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும். டீச்சர் தெனமும் பாக்கறா, அவளுக்குத் தெரியாது. நான் எவ்ளோ வெளுத்திருக்கேன்னு நீங்கதான் கரெக்டா சொல்லணும்."

அவர் சொன்னபடியே போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஜன்னல் வெளிச்சத்தில் வந்து நின்று, "எவ்ளோ?" என்பார். காதோரம் கொஞ்சம் என்பேன், நடை கொஞ்சம் என்பேன். திருப்தியாகத் தலையாட்டுவார். போன மாதம் போனபோது டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். நீலச் சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. ஜன்னலருகே வந்து "எவ்ளோ?" என்றார்.

"சட்டைதான் பெருசாயிடுச்சு சார்" என்றேன்.

சிரித்தார். அளவு சரியில்லை, ஆறு மாதம் கழித்து வந்து மறுபடி பாருங்கள் என்றார். வாசல்வரை வந்த டீச்சர் என் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

அடுத்த ஞாயிறே எங்கள் விவேக் நகரிலிருந்து காக்ஸ் டவுனுக்கு பஸ் ஏறிவிட்டேன். என்னைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆகல்ல மேடம். தெனம் பாத்தா உங்க கண்ணும் வெந்துபோயிடும். அப்புறம் யாரைக் கேக்கறது?"

நான் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். வருகிற ஞாயிறும் போவேன். என் கண்தானே, வெந்தால் வேகட்டும்.