தண்ணிக்கு வெட்டிய இரண்டு கிலோ

நல்லதண்ணி,
வியாழக்கிழமை.

வாரப் பத்திரிகையில் ‘சொந்தக் காலில் நில்லுங்கள்’ பகுதியை எழுதிவரும் பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை சோலைமலை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே மழை சுகம், குளிர் சுகம், அட்டைகளும் சுகம். தாங்களும் தங்கள் பிள்ளைகளும், முக்கியமாகத் தங்கள் வீட்டு அம்மாவும், ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டு சுகமாக இருக்க மலையுச்சிச் சாமியை வேண்டுகிறேன். ஏன் இப்படி வேண்டுகிறேன் என்பது போகப் போக விளங்கும்.

முப்பத்தொரு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் நின்று, பேர் கூப்பிட்டு, ஆட்களை எண்ணி மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பியவன் நான். ஓய்வு பெற்றதும் கைக்கு வந்த ஈ.பி.எப். காசை அப்படியே போட்டு, சாமி கும்பிட்டு மலை இறங்கி வரும் யாத்திரிகர்களுக்காக இங்கே பஸ் நிற்கிற இடத்தில் தகரம் அடித்து ஒரு ரொட்டிக் கடை வைத்தேன். முதலாளி நான். என் மனைவி அம்மாக்கண்ணு ரொட்டி சுட்டுச் சம்பல் இடிப்பாள், மருமகள் சுலக்ஷனா தேத்தண்ணி ஊற்றுவாள். மறைக்காமல் சொல்கிறேன், சனம் வருவது அம்மாக்கண்ணுவின் சம்பலுக்குத்தான். டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்குகிற சீசன் மே மாத வெசாக்கோடு முடிந்துவிடும். அதற்குள் உழைத்தால்தான் மிச்ச மாதங்களில் வீட்டில் அடுப்பு எரியும். இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கடைக்குள்தான் தாங்கள் வந்து நுழைந்தீர்கள். ரொட்டி சுற்றுவதற்காக வாங்கிய பழைய பத்திரிகைக் கட்டில், ஐயா, தங்கள் பகுதிதான் மேலாக இருந்தது.

‘வீட்டையும் வியாபாரத்தையும் கலக்காதீர்கள். குடும்பத்தாரே வேலை செய்தாலும் முறைப்படி வேலைக்கு எடுத்து, முறைப்படி சம்பளம் கொடுங்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதானே! மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடை வாசலில் பெரட்டு வைத்தேன். மொத்தம் இரண்டு ஆட்கள். “அம்மாக்கண்ணு!” என்று பேர் கூப்பிட்டதற்கு, ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, “ஏங்க, கண்ணு தெரியலையா ஒங்களுக்கு?” என்கிறாள். சுலக்ஷனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேலை நேரத்தில் சிரித்ததற்காக அவளை எச்சரித்தேன். பிந்தி வந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான் என்றேன். கடைக்குள் என்னை ‘ஏங்க’ என்று கூப்பிடக் கூடாது, ‘ஐயா’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னேன். அம்மாக்கண்ணு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “காய்ச்சல் போல இருக்கு, கொத்தமல்லி அவிச்சுக் குடு தாயி” என்று மருமகளிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதுவரைக்கும் சேதமில்லை.

அந்தக் கட்டிலேயே அடுத்த வாரப் பத்திரிகையும் இருந்தது, அதுதான் என் கெட்ட காலம். ‘எதையும் அளக்காமல் விடாதீர்கள்’ என்று அதில் இருந்தது. திங்கட்கிழமை காலை அம்மாக்கண்ணு பத்துக் கிலோ மாவில் தேங்காய்ப்பூப் போட்டுப் பிசைந்து வைத்தாள். நான் அதைத் தூக்கித் தராசில் வைத்தேன். பதினைந்து காட்டியது. ஐயா, இந்த இடத்தில் தாங்கள் என்னை நம்ப வேண்டும். நான் யோசிக்கவே இல்லை. முப்பத்தொரு வருஷம் ஈரக் கொழுந்தை நிறுத்து, தண்ணிக்கு என்று ஆளுக்கு இரண்டு கிலோ வெட்டின கை, அது பாட்டுக்கு வெட்டிவிட்டது. ‘பதின்மூன்று’ என்று எழுதினேன். “தண்ணிக்கு ரெண்டு” என்று வாயும் சத்தமாகச் சொல்லிவிட்டது.

அம்மாக்கண்ணு கையைக் கழுவினாள். “இருவத்தாறு வருசம் ஒங்க தராசுலதான் நானும் கொழுந்து நிறுத்தேன். பொண்டாட்டின்னுகூடப் பாக்காம, காயிற வெயில்லயும் தண்ணிக்கு ரெண்டு கிலோ வெட்டுனீங்க. தொரை சொல்றாரு, நீங்க என்னா செய்வீங்கன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப எந்தத் தொரைங்க சொன்னாரு?” என்றாள். நான் தங்கள் பத்திரிகையை எடுத்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. அவள் வெளியே போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். சுலக்ஷனாவும் அடுப்பை அணைத்துவிட்டு மாமியாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வேலைநிறுத்தமாம்!

அந்த நேரம் பார்த்துத்தானா இரண்டு பஸ் சனம் பசியோடு மலை இறங்கி வர வேண்டும்? “அங்கிள், ரொட்டி நெத்த?”, ரொட்டி இல்லையா என்று ஆளாளுக்குச் சிங்களத்தில் கேட்கிறார்கள். இல்லை என்று சொல்ல மனம் வராமல் நானே சுட்டேன். ஒன்றை வாங்கிய சிங்களப் பெரியவர் ஒருவர் கடித்துப் பார்த்தார், திரும்பவும் கடித்துப் பார்த்தார், தட்டில் வைத்தார், என் தோளைத் தட்டி “பவ்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாவம் என்று அர்த்தம், ஐயா. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

‘வேலையாட்களோடு மனம் விட்டுப் பேசுங்கள்’ என்றும் தாங்களே எழுதியிருந்ததால் பேசப் போனேன். “அந்தக் கொழுந்தயெல்லாம் திருப்பித் தர முடியுமா ஒங்களால? முடியாதுல்ல. அப்ப, ‘நான் செஞ்சது தப்பு’ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இப்பவே எந்திரிச்சு வந்து ரொட்டி போடுறேன்” என்றாள். நான் பழைய ஞாபகத்தில், “மேலிடத்துல பேசித்தான் பதில் சொல்லலாம்” என்று சொல்லிவிட்டேன். “மேலிடம் யாருங்க?” என்றாள். நான்தான் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. கொழும்பிலிருந்து மகன் ஜெயகாந்தன் வீடியோவில் கூப்பிட்டு, “அப்பா, அம்மா பக்கம்தான் நியாயம்” என்று சொல்லி வைத்துவிட்டான். பெற்ற பிள்ளை!

இன்றோடு நான்கு நாள். பக்கத்தில் கம்பளித் தொப்பி விற்கிற லோரன்ஸ் கடையில் உட்கார்ந்து இரண்டு பேரும் பிளேன்டீ குடித்துச் சிரிக்கிற சத்தம் தகரத்துக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை போயா. அன்றைக்கும் அடுப்பு எரியாவிட்டால் போட்ட காசு அவ்வளவும் போச்சு, நான் தெருவுக்கு வந்துவிடுவேன். ஆனால் ஒரு கணக்கப்பிள்ளை கொழுந்து பறித்த பொம்பளையிடம் தப்பென்று சொன்னதாக எந்தத் தோட்டத்திலும் சரித்திரம் இல்லை. வெயில் நாளில் வெட்டினது தப்புத்தான்; தங்களிடம் சொல்கிறேன், அவளிடம் சாகும்வரை சொல்ல மாட்டேன். ஆகவே, ‘கடையில் முதலாளி சொல்வதே முடிவு’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி போட்டுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அச்சில் வந்தால் அவள் அடங்குவாள்.

தங்கள் பேனாவும் தங்கள் வீட்டு அடுப்பும் ஒருநாளும் அணையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
வளைந்து கொடுக்காத,
க. சோலைமலை, முதலாளி.

பி.கு.: வெள்ளிக்கிழமை. தபாலில் போடுமுன் இதையும் எழுதுகிறேன். இன்று காலை அம்மாக்கண்ணு, லோரன்ஸ் கடையில் பாதியை வாடகைக்கு எடுத்து அடுப்பு மூட்டிவிட்டாள். சம்பல் வாசம் வந்தது. சனமெல்லாம் அங்கே. நான் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றேன், பிறகு போய், சனத்துக்கு முன்னால், தப்பு என்று சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, வேலைக்கு வாங்க” என்றாள். இருபது தேங்காய் திருவினேன். திருவின பூவைத் தராசில் வைத்தாள். ஐந்து கிலோ காட்டியது. “பாலுக்கு ரெண்டு” என்று சொல்லி மூன்று எழுதிக்கொண்டாள். எனக்கு ரோஷம் வந்தது, ஆனால் சிரிப்பும் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். மேலே கேட்ட வரியைக் கட்டாயம் போடவும். கடையின் முதலாளி பெயர் அம்மாக்கண்ணு. முதலாளிகளுக்கே எழுதுகிற தாங்கள் வேலையாட்களுக்கு ஏதும் குறிப்பு வைத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அனுப்பவும். இந்தப் பின்குறிப்பை வேலை நேரத்தில் எழுதியதால் இன்று எனக்கு அரைப்பேர்.